பதக்கமும் பாக்கியும்

1863-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். அதே களத்தில் நின்ற கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் உடுப்புக்கென்று 3 டாலரைப் பிடித்துக்கொண்டு மிச்சம் 7 டாலரைத்தான் கையில் கொடுத்தார்கள். மாசசூசெட்ஸின் கறுப்பினப் படையான 54-ஆம் காலாட்படை ரெஜிமெண்ட் அந்தப் பணத்தைத் தொட மறுத்தது. குறையும் தொகையைத் தன் கருவூலத்திலிருந்து ஈடுகட்டுவதாக மாநில அரசு முன்வந்தபோது அதையும் மறுத்தது. 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டை மீது பாய்ந்த அந்தப் படையின் 600 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் மடிந்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். மிஞ்சியவர்கள் ஓராண்டுக்கு மேலாகக் காசு வாங்காமலே போரிட்டார்கள்.

தென் கரோலினாவில் திரட்டப்பட்ட இன்னொரு கறுப்பினப் படையில் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர் ஒருபடி மேலே போனார். ஒப்பந்தத்தை அரசு மீறியதால் இனிப் பணி இல்லை என்று தன் ஆட்களைக் கொண்டு ஆயுதங்களைத் தளபதியின் கூடாரத்தின் முன்னால் அடுக்கிவைத்தார். கலகக் குற்றம் சாட்டி 1864 பிப்ரவரி 29 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சமச் சம்பளத்தைச் சட்டமாக்கியது.

கறுப்பின வீரர்களின் வரலாற்றை வாக்னர் கோட்டையின் வீரத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். சம்பளத்திலிருந்து தொடங்குவதற்கு எனக்குக் காரணம் உண்டு. 1863 முதல் 1954 வரை, ஏறத்தாழ 90 ஆண்டுகள், அமெரிக்கத் தரைப்படை தன் வீரர்களை நிறத்தால் பிரித்து வைத்திருந்தது. அந்தக் காலம் முழுவதையும் பற்றி வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: படைச்சேவை இவர்களுக்குக் குடியுரிமையைப் பெற்றுத் தந்ததா? சீருடை அணிந்து துப்பாக்கி ஏந்திய கறுப்பினத்தவனுக்குக் குடியுரிமையை மறுக்க உலகில் எந்தச் சக்தியாலும் முடியாது என்று வாதிட்டு ஆள் திரட்டியவர் அடிமை ஒழிப்புத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ். தன் மகன்கள் இருவரையே 54-ஆம் ரெஜிமெண்டுக்கு அனுப்பியவர். பெர்னார்ட் நால்ட்டி போன்ற படைத்துறை வரலாற்றாசிரியர்கள் இந்த நீண்ட பாதையை மெல்ல மெல்ல மேலேறும் பாதையாகவே வரைந்தார்கள். சாட் வில்லியம்ஸ், மாத்யூ டெல்மாண்ட் போன்ற பிற்காலத்தவர்கள் அந்த ஏற்றத்தை நம்பாமல், வீடு திரும்பிய வீரன் என்ன ஆனான் என்று தேடிப் போனார்கள். இரு தரப்பையும் படித்தபின் எனக்குத் தெளிவாகும் செய்தி இது: வீரம் ஒவ்வொரு போரிலும் காட்டப்பட்டது, அரசு அதை வரவு வைக்காமலே எடுத்துக்கொண்டது. அரசை அசைத்தவை, வீரர்கள் ஒன்றுகூடி 'முடியாது' என்று சொன்ன தருணங்களும் அரசுக்கே வேறு வழியில்லாமல் போன தருணங்களும்தான்.

உள்நாட்டுப் போரில் வடக்குத் தரைப்படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் பணியாற்றினார்கள். சுமார் 40,000 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டல்ல, நோய். அடிமைத்தளையை உடைத்ததில் இவர்களின் பங்கு மறுக்க முடியாதது. கறுப்பின அறிஞர் டூ போய்ஸ், போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்தைப் பற்றி 1935-இல் எழுதிய வரலாற்றில் இதை முழு வலிமையோடு நிறுவினார். டக்ளஸின் வாதம் மெய்யானது இந்த ஒரு போரில் மட்டுமே. குடியுரிமையும் வாக்குரிமையும் தந்த, அரசியல் சட்டத்தின் 14, 15-ஆம் திருத்தங்கள் அதன் சாட்சிகள். ஆனால் ஒரு தலைமுறைக்குள் தென் மாநிலங்கள் அந்தத் திருத்தங்களைச் செல்லாக்காசாக்கிவிட்டன.

போருக்குப்பின் காங்கிரஸ் நிரந்தரக் கறுப்பினப் படைகளை அமைத்தது: 9, 10-ஆம் குதிரைப்படைகளும், பிற்பாடு 24, 25 என்று எண்ணிடப்பட்ட இரு காலாட்படைகளும். 'எருமை வீரர்கள்' என்ற பெயரோடு இவர்கள் இன்று அருங்காட்சியகங்களிலும் தபால்தலையிலும் நிற்கிறார்கள். கொண்டாட்டத்தில் அடிக்கடி விடுபடும் செய்தி, இவர்கள் யாரோடு போரிட அனுப்பப்பட்டார்கள் என்பது. மேற்கில் அப்பாச்சி, கொமாஞ்சி முதலான தொல்குடிகளின் நிலத்தைப் பிடுங்கும் போரில் இவர்கள் அரசின் கைகளாக இருந்தார்கள். 1899-இல் ஃபிலிப்பைன்ஸின் விடுதலைப் படையை நசுக்கவும் இவர்களை அனுப்பினார்கள். அங்கே 24-ஆம் காலாட்படையின் டேவிட் ஃபேகன் தன் படையை விட்டு விலகி ஃபிலிப்பைன்ஸ் மக்களோடு சேர்ந்தார். அவர்களின் படையில் கேப்டனாக அமெரிக்கருக்கு எதிராகப் போரிட்டார். அமெரிக்கப் படை அவர் தலைக்கு விலை வைத்தது. கறுப்பின வீரர்களின் மரபு என்று பேசும்போது ஃபேகனையும் அவர் எழுப்பிய கேள்வியையும் சேர்க்காவிட்டால் அது பாதி மரபு.

கியூபாவில் 1898-இல் இதே கறுப்பினக் குதிரைப்படையினருக்கு அருகில் நின்று போரிட்டவர் தியோடர் ரூஸ்வெல்ட். எட்டு ஆண்டு கழித்து, குடியரசுத் தலைவராக, டெக்சாஸின் பிரௌன்ஸ்வில்லில் நடந்த இரவுத் துப்பாக்கிச்சூட்டுக்காக 25-ஆம் காலாட்படையின் 167 பேரை விசாரணையே இல்லாமல் கூண்டோடு வெளியேற்றினார். யார் சுட்டது என்று எவரும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதே குற்றம். ஓய்வூதியத்துக்குச் சில ஆண்டுகளே மீதமிருந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். 1972-இல் அந்த ஆணை ரத்தானபோது உயிரோடு இருந்த டார்சி வில்லிஸ் என்னும் முதியவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள். அதுவரை அவர் பிழைத்தது முடிதிருத்தும் கடை ஒன்றில் துப்புரவும் காலணி மெருகேற்றும் வேலையும் பார்த்து.

1917 ஆகஸ்டில் ஹூஸ்டனில் நடந்தது இன்னும் கொடியது. ஒரு கறுப்பினப் பெண்ணை அடித்து இழுத்துச்சென்றதைப் பற்றிக் கேட்கப்போன வீரர்களை நகரக் காவலர்கள் தாக்கினார்கள். முகாமில் வதந்தி பரவி, 24-ஆம் காலாட்படையினர் நூறு பேருக்கு மேல் ஆயுதத்தோடு நகருக்குள் போனார்கள். அந்த இரவில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இராணுவ நீதிமன்றம் 110 பேரைக் குற்றவாளிகள் என்றது. முதல் வழக்கில் 63 பேருக்கும் சேர்த்து வாதாட ஒரே ஓர் அதிகாரி. அவரும் வழக்கறிஞர் அல்ல. டிசம்பர் 11 விடியலுக்கு முன் 13 பேரைத் தூக்கிலிட்டபிறகுதான் தண்டனை என்ன என்பதே வெளியுலகுக்குத் தெரிந்தது. மேல்முறையீட்டுக்கு வாய்ப்பே இல்லை. பின்னர் இன்னும் 6 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மரண தண்டனையை நிறைவேற்றுமுன் மேல்நிலை ஆய்வு வேண்டும் என்ற விதி அமெரிக்க இராணுவத்துக்கு வந்தது இந்தப் பதின்மூன்று பேரின் சாவுக்குப் பிறகு; அந்த விதியால் பின்னாளில் காப்பாற்றப்பட்டவர்கள் எல்லா நிறத்தவரும். தண்டனைகள் அனைத்தையும் இராணுவம் ரத்து செய்தது 2023 நவம்பரில்.

முதல் உலகப் போரில் ஏறத்தாழ 3,80,000 கறுப்பினத்தவர் படையில் இருந்தார்கள். பிரான்சுக்குப் போன சுமார் இரண்டு லட்சம் பேரில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது துப்பாக்கி அல்ல. மண்வெட்டியும் கப்பலில் சரக்கு இறக்கும் வேலையும்தான். பெரும்போர்க்களத்தில் புதைந்தவர்களைத் தோண்டியெடுத்து இடுகாடுகளில் மறுபடி அடக்கம் செய்ததும் இவர்களே. நியூயார்க் ஹார்லெமிலிருந்து வந்த 369-ஆம் ரெஜிமெண்ட் உள்ளிட்ட நான்கு படைகளை அமெரிக்கத் தளபதிகள் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பிரெஞ்சுத் தலைக்கவசமும் பிரெஞ்சுத் துப்பாக்கியுமாக 369-ஆம் படை 191 நாள் முன்னணியில் நின்றது. 1918 மே மாதத்து இரவு ஒன்றில், ஜெர்மானியத் தாக்குதல் குழுவைத் தனியாளாக நின்று, துப்பாக்கி அடைத்துக்கொண்டபின் கத்தியால் எதிர்த்து, காயப்பட்ட தோழன் நீடம் ராபர்ட்ஸை மீட்டார் ஹென்றி ஜான்சன். பிரெஞ்சு அரசு உடனே பதக்கம் கொடுத்தது. சொந்த நாடு ஒரு பதக்கமும் தரவில்லை. காயங்களோடு வாழ்ந்து 1929-இல் வறுமையில் இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் அவர் பெயருக்கு வந்தது 2015-இல்.

அதே 1918-இல், அமெரிக்கத் தலைமையகத்திலிருந்த ஒரு பிரெஞ்சுத் தொடர்பு அதிகாரி தம் நாட்டவருக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினார்: கறுப்பின அதிகாரிகளோடு ஒரே மேசையில் சாப்பிடாதீர்கள், அமெரிக்க வெள்ளையர் முன்னால் அவர்களை மிகையாகப் புகழாதீர்கள். டூ போய்ஸ் அதைக் கைப்பற்றி 1919 மே மாதம் தம் 'கிரைசிஸ்' இதழில் வெளியிட்டார். பத்து மாதங்களுக்கு முன், போர் முடியும்வரை நம் குறைகளை ஒதுக்கிவைப்போம் என்று அதே இதழில் எழுதியவர் அவர். அந்த அறிவுரை அவரை வாழ்நாள் முழுதும் உறுத்தியது. அந்தப் போரின் கறுப்பின வரலாற்றைப் பல ஆண்டு உழைத்து எழுதிக் குவித்தும் அவரால் முடிக்க முடியவில்லை. ஒரு பேரறிஞரின் அந்த முடியாத நூலை மையமாக வைத்துச் சாட் வில்லியம்ஸ் 2023-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

இனிச் சொல்லப்போவது, என் கணிப்பில், இந்த வரலாற்றின் கழுத்தை நெரிக்கும் முடிச்சு. கறுப்பினப் படையான 92-ஆம் டிவிஷனின் ஒரு ரெஜிமெண்ட், போதிய பயிற்சியும் முள்வேலி வெட்டும் கருவிகளும் இல்லாமல், 1918 செப்டம்பரில் ஆர்கான் காட்டில் பின்வாங்கியது. அந்த ஒரு தோல்வியை வைத்து, இராணுவப் போர்க் கல்லூரி 1925-இல் ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பினத்தவரின் மண்டையோடு சிறியது, மூளை எடை குறைந்தது, இயல்பிலேயே இருளுக்கும் அபாயத்துக்கும் அஞ்சுபவர்கள் என்று அரசு முத்திரையோடு எழுதினார்கள். 369-ஆம் படையின் 191 நாட்கள் அந்த அறிஞர்களின் கண்ணில் படவில்லை. வீரம் ஏன் விலைபோகவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது: வீரத்தைப் பதிவு செய்யும் பேனா மறுப்பவர்களின் கையில் இருந்தது. தோல்வி இனத்தின் கணக்கில் ஏறும். வெற்றி தனி மனிதரின் விதிவிலக்காகும் அல்லது கோப்பில் தூங்கும்.

இரண்டாம் உலகப் போரிலும் இதுதான் நடந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் ஆயுதப் படைகளில் பணிபுரிந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அவர்களின் ரத்தத்தைக்கூடத் தனிப் புட்டியில் வைத்தது. நார்மண்டிக்குப் பிறகு பாய்ந்தோடிய டாங்கிகளுக்கு எண்ணெயும் குண்டும் கொண்டுபோன 'ரெட் பால்' லாரி வரிசையின் ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மா மலைகளின் ஊடாகச் சீனாவை நோக்கி வெட்டிய சாலையில் உழைத்த அமெரிக்கச் சிப்பாய்களிலும் பாதிக்கு மேல் அவர்களே. அந்தச் சேற்றிலும் மலேரியாவிலும் அவர்களோடு இந்தியத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மேஜர் சாரிட்டி ஆடம்ஸின் தலைமையில் 6888-ஆம் பட்டாலியனின் கறுப்பினப் பெண்கள், இங்கிலாந்தின் பர்மிங்காம் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த லட்சக்கணக்கான கடிதங்களை ஆறு மாதத்துக்குப் பதில் மூன்றே மாதத்தில் பிரித்தனுப்பினார்கள்.

1944 டிசம்பரில் ஆர்டென் காட்டில் ஜெர்மானியர் திடீரெனத் தாக்கியபோது காலாட்படைக்கு ஆள் போதவில்லை. சரக்குப் படைகளிலிருந்த கறுப்பினத்தவரிடம் தன்னார்வலர் கேட்டார்கள். 4,500 பேருக்கு மேல் முன்வந்தார்கள். சார்ஜென்ட் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாதாரணச் சிப்பாயாக வந்தவர்களும் உண்டு. அவர்களைச் சிறு பிரிவுகளாக வெள்ளையர் கம்பெனிகளோடு சேர்த்தார்கள். பிறகு அந்தக் கம்பெனிகளின் வெள்ளை அதிகாரிகளையும் சார்ஜென்ட்களையும் இராணுவ ஆய்வாளர்கள் விசாரித்தபோது, நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் தங்கள் கருத்து நல்லவிதமாக மாறிவிட்டதாகச் சொன்னார்கள். இதைவிட நல்ல சான்று கிடைக்காது. மேலிடம் அந்த முடிவுகளைப் பொதுவெளிக்கு வராமல் நிறுத்திவைத்தது. போர் முடிந்ததும் அந்தத் தன்னார்வலர்களை மறுபடி தனிப் படைகளுக்கே அனுப்பியது.

அதே மாதங்களில் வேறு வகையான போர் ஒன்றும் நடந்தது. 1944 ஜூலை 17-இல் கலிஃபோர்னியாவின் போர்ட் சிகாகோவில் கடற்படைக் குண்டுகள் வெடித்து 320 பேர் மாண்டார்கள். அவர்களில் 202 பேர் கறுப்பினத்தவர். உயிர் தப்பியவர்கள் அதே வேலைக்குத் திரும்ப மறுத்தார்கள். 50 பேருக்குக் கலகக் குற்றத்தில் தண்டனை. வழக்கைக் கவனிக்க வந்திருந்தவர் கறுப்பின உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். 1945 ஏப்ரலில் இண்டியானாவின் ஃப்ரீமன் தளத்தில், வெள்ளையர் மட்டுமே புழங்கும் அதிகாரிகள் மன்றத்துக்குள் கறுப்பின விமானப்படை அதிகாரிகள் சிறு சிறு குழுக்களாக நுழைந்தார்கள். பிரிவினை விதியை ஏற்றுக் கையெழுத்திடச் சொன்னபோது 101 பேர் மறுத்துக் கைதானார்கள். போர்க்காலத்தில் மேலதிகாரியின் நேரடி ஆணையை மறுப்பதற்கு மரண தண்டனைகூட உண்டு என்று தெரிந்தே மறுத்தார்கள். அந்தப் போராட்டத்தில் நின்ற கோல்மன் யங் பின்னாளில் டெட்ராய்ட்டின் முதல் கறுப்பின மேயரானார். டஸ்கிகீயில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகள் வீழ்த்திய எதிரி விமானங்களைப் பற்றித் திரைப்படங்கள் வந்துவிட்டன. என் பார்வையில் அவர்கள் நாட்டுக்கு விட்டுச்சென்ற பெரிய சொத்து ஃப்ரீமன் தளத்துக் கையெழுத்து மறுப்பு.

1946 பிப்ரவரி 12 அன்று, பணி முடிந்து சில மணி நேரமே ஆன சார்ஜென்ட் ஐசக் உட்டர்ட், சீருடை கலையாமல் பேருந்தில் வீடு போய்க்கொண்டிருந்தார். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கேட்டதில் ஓட்டுநரோடு வாக்குவாதம். தென் கரோலினாவின் பேட்ஸ்பர்க்கில் காவல்துறைத் தலைவர் லின்வுட் ஷல் அவரை இறக்கித் தடியால் அடித்து இரு கண்களையும் குருடாக்கினார். முழுதும் வெள்ளையரான ஜூரி அரை மணி நேரத்தில் ஷல்லை விடுவித்தது. இந்தச் செய்தி குடியரசுத் தலைவர் ட்ரூமனை உலுக்கி, குடிமை உரிமைகள் குழு ஒன்றை அமைக்க வைத்தது. வழக்கை நடத்திய நீதிபதி வேட்டிஸ் வாரிங்கையும் மாற்றியது. பள்ளிகளில் பிரித்துவைப்பதே சமத்துவ மறுப்பு என்று 1951-இல் அவர் எழுதிய மாற்றுத் தீர்ப்பு, 1954-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வழி திறந்தது.

ட்ரூமனின் மனமாற்றத்தை மட்டும் சொல்லிவிட்டு, ஆயுதப் படைகள் பற்றிய அவரது ஆணை 9981-க்குத் தாவும் நூல்கள் ஒரு மனிதரைச் சரியாக மதிப்பதில்லை: ரயில் தொழிலாளர் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப். பிரிவினை நீடிக்கும் படையில் சேர மறுக்கும்படி இளைஞர்களுக்குச் சொல்வேன், சிறைக்கும் போவேன் என்று 1948 மார்ச்சில் ட்ரூமனிடமும் செனட் குழுவிடமும் முகத்துக்கு நேரே சொன்னார். கட்டாய ஆள்சேர்ப்பு திரும்பி வரும் நேரம். தேர்தல் ஆண்டு வேறு. ஜூலை 26-இல் ஆணை வந்தது. 'பிரிவினை' என்ற சொல்லே அதில் இல்லை. சம நடத்தை, சம வாய்ப்பு என்று மட்டும் இருந்தது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தித் தரைப்படை மேலும் இரண்டு ஆண்டு இழுத்தடித்தது.

கடைசியில் பிரிவினையை உடைத்தது கொரியா. 1950-இன் சாவுகளுக்குப் பின் வெள்ளையர் படைகளில் ஆளில்லை. கறுப்பினப் படைகளில் ஆட்கள் மிஞ்சினார்கள். களத்துத் தளபதிகள் ஆணைக்குக் காத்திராமல் கலக்கத் தொடங்கினார்கள். 24-ஆம் காலாட்படை 1951 அக்டோபர் 1-இல் கலைக்கப்பட்டது. 1954-இல் கடைசித் தனிப்படையும் மறைந்தது.

24-ஆம் படையின் பெயரைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. 1951 தொடக்கத்தில் தர்குட் மார்ஷல் நேரில் போய், ஒரு மணி நேரம்கூட நீளாத விசாரணைகளில் அந்தப் படையினருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதை அம்பலப்படுத்தினார். 1961-இல் வந்த இராணுவத்தின் அதிகாரபூர்வ கொரிய வரலாறு அந்தப் படையை ஓடிப்போனவர்களாகக் காட்டியது. முன்னாள் வீரர்கள் பல ஆண்டு போராடியதால் இராணுவமே மறு ஆய்வு செய்து 1996-இல் புதிய நூல் வெளியிட்டது. படையில் குறைகள் இருந்தன, ஆனால் அவற்றுக்கு வேர் பிரிவினைதான், நம்பிக்கையைத் தின்றது அதுவே என்பது அதன் முடிவு. வீரர்கள் பலருக்கு அதுவும் போதவில்லை. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த நூல் சொன்னது முக்கியம். ஒரு படையைத் தோற்கவைக்கும் அமைப்பை உருவாக்கிவிட்டு, தோல்வியை அந்தப் படையின் ரத்தத்தில் தேடிய 1925 அறிக்கைக்கு, அதே இராணுவம் எழுபது ஆண்டு தாமதமாகக் கொடுத்த மறுப்பு அது.

ஊருக்குத் திரும்பியவர்களின் மரபு இதைவிடப் பெரியது. நார்மண்டியில் பணியாற்றிய மெட்கர் எவர்ஸ் 1946-இல் மிசிசிப்பியின் டெகேட்டரில் வாக்களிக்கப் போனபோது ஆயுதமேந்திய கும்பல் திருப்பியனுப்பியது. குடிமை உரிமை இயக்கத்தின் மிசிசிப்பி முகமாக அவர் வளர்ந்தது அந்த அனுபவத்திலிருந்து. 1963 ஜூனில் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரைப் போர்வீரருக்குரிய மரியாதையோடு ஆர்லிங்டனில் அடக்கம் செய்தார்கள். ஆம்ஸி மூர், ஆரன் ஹென்றி, ஹோசியா வில்லியம்ஸ் என்று அந்த இயக்கத்தின் முன்வரிசையில் முன்னாள் சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். அஞ்சாமை அவர்களுக்குப் படை கொடுத்ததா, படையின் அவமதிப்பு கொடுத்ததா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். இரண்டையும் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஒரு கறுப்பினத்தவருக்குக்கூட மெடல் ஆஃப் ஹானர் கிடைக்கவில்லை. இராணுவம் ஷா பல்கலைக்கழகத்திடம் ஆய்வு ஒன்றை ஒப்படைத்து, 1997 ஜனவரி 13-இல் ஏழு பேருக்கு வழங்கியது. வெள்ளை மாளிகைக்கு வந்து வாங்க உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. ஹூஸ்டன் தண்டனைகளைத் தொடர்ந்து 2024-இல் போர்ட் சிகாகோ தண்டனைகளும் நீக்கப்பட்டன. இந்தத் திருத்தங்களை வெறும் சடங்கென்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. கலகக்காரன் என்ற பெயரோடு செத்த ஒருவரின் குடும்பத்துக்கு அந்தக் காகிதம் பெரியது. அது எவ்வளவு எளிதில் பறிபோகக்கூடியது என்பதும் தெரிந்துவிட்டது: 2025 மார்ச்சில் பாதுகாப்புத் துறை தன் இணையப் பக்கங்களைக் களைந்தபோது, இராணுவப் பேருந்தில் பின்னிருக்கைக்குப் போக மறுத்து 1944-இல் இராணுவ நீதிமன்றம் ஏறி விடுதலையான பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் படைச்சேவைப் பக்கமும் காணாமல் போனது, கண்டனம் எழுந்தபின்தான் திரும்பி வந்தது.

பதக்கங்களுக்கு அரசின் கருவூலத்திலிருந்து அதிகம் செலவாவதில்லை. செலவாகும் பாக்கி ஒன்று உண்டு. 1944-இன் முன்னாள் படைவீரர் நலச் சட்டம் வெள்ளை அமெரிக்காவின் நடுத்தர வர்க்கத்தையே கட்டி எழுப்பியது: கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன், தொழில் கடன். சட்டத்தில் நிறம் இல்லை. நடத்தும் பொறுப்பு உள்ளூர் வங்கிகளிடமும் அலுவலகங்களிடமும் விடப்பட்டது. 1947-இல் மிசிசிப்பி நகரங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை 2. வீடு வாங்க முடியாதவன் தன் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லாத சொத்தும் மரபுக் கணக்கில்தான் சேரும். அந்த வீரர்களின் வழித்தோன்றல்களுக்கு வீட்டுக் கடன் உத்தரவாதமும் கல்வி உதவியும் தர வழிசெய்யும் மசோதா, ஐசக் உட்டர்டின் பெயரையும் தாங்கி, 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. பின்னரும் அதை மீண்டும் கொண்டுவந்தார்கள்; சட்டமாகவில்லை. பதக்க விழாக்களில் இரு கட்சியினரும் ஒன்றாக எழுந்து கைதட்டுகிறார்கள். அந்த மசோதாவுக்கு அந்தக் கைகள் இன்னும் உயரவில்லை.